கூட்டம் மொய்க்கும் கல்லூரியா, இடம் காத்திருக்கும் கல்லூரியா?

ப்ளஸ் டூ முடிவு மே மாதத்தின் முதல் பாதியில் வந்துவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று இந்தக் கரை முழுக்க விசைப்படகுகள் கட்டிக் கிடக்கிற நாட்களில்தான் கல்லூரி விண்ணப்பங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றன. தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அதை 8,000 ஆக உயர்த்தி அறிவித்தார்கள். வீட்டுச் செலவு போக அதிலிருந்துதான் விண்ணப்பக் கட்டணமும், கம்ப்யூட்டர் சென்டருக்குக் கொடுக்கும் காசும், சாதிச் சான்று, வருமானச் சான்றுக்கு அலையும் பஸ் செலவும் வரவேண்டும். "எல்லாத்துக்கும் போட்டு வைங்க" என்ற அறிவுரை மாதச் சம்பள வீட்டுக்குச் சரி. இங்கே எதற்குப் போடுவது, எதை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

அந்த முடிவைக் கெடுப்பவை இரண்டு பேச்சுகள். "அங்க ஆயிரக்கணக்குல அப்ளிகேஷன் விழுந்திருக்காம், நம்ம பிள்ளைக்கு எங்க கிடைக்கப் போகுது?" என்பது ஒன்று. "அங்க சீட்டு காலியாவே கிடக்காம், அப்ப அது என்ன காலேஜு?" என்பது இன்னொன்று. இரண்டையும் நான் நம்புவதில்லை. ஒரு கல்லூரிக்கு எத்தனை விண்ணப்பம் வந்தது என்ற எண், அங்கே பாடம் எப்படி நடக்கிறது என்பதைவிட, அங்கே விண்ணப்பம் போடுவது எவ்வளவு சுலபம், எவ்வளவு மலிவு என்பதைத்தான் அதிகம் சொல்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். நூறு பிள்ளைகள், ஐந்து கல்லூரிகள், கல்லூரிக்கு இருபது இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு கல்லூரி வீதம் பிரிந்து போட்டால், இருபது இடத்துக்கு இருபது விண்ணப்பம். விண்ணப்பித்த எல்லோருக்கும் இடம். அதே நூறு பேரும் ஐந்து கல்லூரிக்கும் போட்டுவிட்டால், ஒவ்வொரு கல்லூரியிலும் இருபது இடத்துக்கு நூறு விண்ணப்பம். "ஐந்தில் ஒருவருக்குத்தான் இடம்" என்று பேப்பரில் வரும். பிள்ளைகள் அதே நூறு பேர், இடங்களும் அதே நூறு. கடைசியில் யாரும் வெளியே நிற்கப்போவதில்லை. பயம் மட்டும் ஐந்து மடங்காகிவிட்டது.

இது உலகம் முழுக்க நடப்பதுதான். அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம். ஒரே படிவத்தில் பல வளாகங்களை டிக் அடிக்கலாம். நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்பதையும் நிறுத்திய பிறகு, லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக்கு 2022இல் இளநிலை முதலாண்டுக்கு மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. இடம் கிடைத்தது நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் குறைவு. விண்ணப்பம் குவிந்ததால் அந்த வளாகம் ஒன்றும் மாறிவிடவில்லை. வாசல் அகலமானது, கூட்டம் சேர்ந்தது.

நம் கரைக்கு வருவோம். யாருக்காக ஒப்பிடுகிறோம் என்று தெரியாமல் ஒப்பிட்டுப் பயனில்லை. தங்கச்சிமடத்திலோ ஏர்வாடியிலோ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பயோ-மேக்ஸ் குரூப், 600க்கு 440 போல மதிப்பெண், வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள். அப்பா படகில் கூலிக்குப் போகிறவர், அம்மா கடல்பாசி எடுக்கிறவர். இந்தக் கரையில் வீதிக்கு ஒரு பிள்ளையாவது இப்படி இருக்கும்.

அவளுக்கு முதல் வாசல் அரசு கலை அறிவியல் கல்லூரிகள். ஒரே ஆன்லைன் விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரிகள் வரை தேர்வு செய்யலாம். சில ஆண்டுகளாகவே விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். இதைவிட மலிவான வாசல் தமிழ்நாட்டில் இல்லை, அதனால்தான் இந்தக் கூட்டம். 2023இல் மாநிலம் முழுக்க 164 அரசுக் கல்லூரிகளில் 1 லட்சத்து 7 ஆயிரம் இடங்கள். கட்டணம் கட்டி விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். ஐந்தில் இரண்டு பேருக்குத்தான் இடம் என்று படிக்கத் தோன்றும். ஆனால் அந்த இரண்டரை லட்சத்தில் பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருப்பவர்கள், நர்ஸிங் போகிறவர்கள், நீட் முடிவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், மதுரையில் உதவிபெறும் கல்லூரியில் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் எல்லோரும் உண்டு. மீன் ஏலத்தில் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் மீன் எடுக்கிறவர்கள் இல்லை. தரவரிசைப் பட்டியலும் அப்படித்தான்.

ஆகவே ஐம்பது இடமுள்ள பாடத்துக்கு 400ஆவது ராங்க் வந்தால் உடனே கைவிட வேண்டாம். முதலில், தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணை வைத்துத் தனிப் பட்டியல், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்துத் தனிப் பட்டியல். மற்ற பாடங்களுக்கு 400க்கு எடுத்த மதிப்பெண்ணில் ஒரு பொதுப் பட்டியல். பொதுப் பட்டியலில் 400ஆவது ராங்க் என்றால், அந்தக் கல்லூரியின் எல்லா அறிவியல், கலை, வணிகப் பாடங்களுக்கும் சேர்த்து 400. முன்னால் நிற்பவர்களில் பாதிப்பேர் பி.காம் பக்கம் போய்விடலாம். அடுத்து, இடங்கள் 69 சதவீத ஒதுக்கீட்டின்படி பிரிக்கப்படுகின்றன. அவளுடைய பிரிவில் அவளுக்கு முன்னால் எத்தனை பேர் என்பதுதான் அவள் பார்க்க வேண்டிய எண். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி முஸ்லிம் பிள்ளைகளுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டுப் பட்டியல் வேறாக ஓடும். பொதுவான சேர்க்கை விகிதம் எந்தப் பிள்ளைக்கும் அப்படியே பொருந்துவதில்லை.

இந்த வாசலுக்குள்தான் உண்மையான போட்டி இருக்கிறது: ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியா, ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பெயரில் இருக்கும் அரசுக் கல்லூரியா? முதலாவது பழையது, பாடப் பிரிவுகள் அதிகம், பேர் பெற்றது, கூட்டம் அங்கே. இரண்டாவது சின்னப் பிள்ளை. ஊர் வாயில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் இரண்டும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பாடத்திட்டம் ஒன்று, பல்கலைக்கழகத் தேர்வு ஒன்று, கையில் கிடைக்கும் பட்டத்தில் இருக்கும் பெயரும் ஒன்று. இதை யாரும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வதில்லை.

வேறுபாடு தூரத்திலும் ஆசிரியரிலும் இருக்கிறது. ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர். அரசுக் கல்லூரிப் பிள்ளைக்கு இலவச பஸ் பாஸ் உண்டு என்றாலும், போக வர மூன்று மணி நேரம் சாலையில் கரைகிறது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறக்கும் வரை தீவுப் பிள்ளைகளுக்கு பஸ் ஒன்றே கதி. அந்த இரண்டேகால் வருஷத்தில் காலை முதல் வகுப்பைத் தவறவிட்டே பட்டம் முடித்தவர்கள் உண்டு. ஆசிரியர் பக்கம் பார்த்தால், மாநிலம் முழுக்க அரசுக் கல்லூரிகள் நிரந்தரப் பணியில்லாத ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடுகின்றன. புதுக் கல்லூரியில் அந்த நம்பிக்கை இன்னும் கொஞ்சம் அதிகம். பழைய கல்லூரியிலும் நிலைமை சொர்க்கமில்லை. கூட்டம் கூடினால் அரசு 20 சதவீதம் இடங்களைக் கூட்டுகிறது; 2025இலும் அப்படித்தான் செய்தார்கள். கூடுதல் இடம் கிடைத்த பிள்ளைக்கு அது நல்ல செய்தி. ஆனால் லேபில் மைக்ராஸ்கோப் 20 சதவீதம் கூடுவதில்லை. சேர்க்கை விகிதம் ஏறும்போது ஒரு மேசைக்கு நிற்கும் தலைகளும் ஏறுகின்றன.

என் கணிப்பு இது. பி.ஏ., பி.காம் போன்ற பாடமென்றால், தீவுப் பிள்ளைக்கு ராமேஸ்வரம் கல்லூரியே போதும். மிச்சமாகும் மூன்று மணி நேரத்தில் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கலாம். அறிவியல் பாடமென்றால் ராமநாதபுரத்துக்கு முயற்சி செய்யலாம், ஆனால் அரசு விடுதி கிடைத்தால்தான். தினமும் பஸ்ஸில் போய்வந்து பி.எஸ்சி. வேதியியல் படிப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், மதியத்துக்கு மேல் லேப் இருக்கிற நாளில் வீடு வந்து சேர இருட்டிவிடும். பையனாக இருந்தால் இதே கணக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தூரம் அலுத்துப்போன பையன் முதலாண்டிலேயே படகேறிவிடுகிறான். ஒரு நாள் பங்குப் பணத்தைக் கையில் பார்த்த பிறகு அவனைத் திரும்ப வகுப்புக்கு அனுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை.

ஐந்து இடங்களையும் எப்படி நிரப்புவது? ஐந்தையும் பேர் பெற்ற கல்லூரிகளாகப் போட்டுவிட்டுக் கடைசியில் ஒன்றும் வராமல் நிற்பதைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. ராமநாதபுரம், அங்கேயே உள்ள மகளிர் கல்லூரி, பரமக்குடி, வீட்டுக்கு அருகில் இருப்பது (ராமேஸ்வரமோ கடலாடியோ முதுகுளத்தூரோ திருவாடானையோ), ஐந்தாவதாக விடுதியை நம்பிக் காரைக்குடி. மதுரையை நான் சேர்க்கவில்லை. ஐம்பது ரூபாயில் ஒரு ரூபாயும் மிச்சமாகாதுதான், ஆனால் கலந்தாய்வுக்கு ஒருமுறை மதுரை போய்வருவது ஒரு நாள் கூலி.

இரண்டாவது வாசல் மீன்வளம். இந்தக் கரைப் பிள்ளைகள் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977இல் தொடங்கியது. 2012இல் நாகப்பட்டினத்தைத் தலைமையாகக் கொண்டு மீன்வளப் பல்கலைக்கழகம் வந்தது. பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் கல்லூரிகள் இருக்கின்றன. நான்கு வருஷ மீன்வள அறிவியல் பட்டமான பி.எஃப்.எஸ்சி.க்கு இடங்கள் சொற்பம், அதனால் சேர்க்கை விகிதம் பார்க்கப் பயமாக இருக்கும். அந்தப் பயத்திலும் பாதி செயற்கை. 2023இல் வேளாண் பல்கலைக்கழகமும் மீன்வளப் பல்கலைக்கழகமும் ஒரே விண்ணப்பமாக வாங்கின. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்கு ஆசைப்பட்ட பிள்ளை போகிற போக்கில் மீன்வளத்தையும் டிக் அடித்தால், மீன்வளத்துக்கு விண்ணப்பம் ஏறும், ஆர்வம் ஏறியதாகாது. மேலே நிற்பவர்களில் பலர் நீட் எழுதியவர்கள். மருத்துவக் கலந்தாய்வு முடிந்ததும் கழன்றுகொள்வார்கள். பட்டியல் நகரும்.

இன்னும் முக்கியமானது அவள் எந்தப் பட்டியலில் நிற்கிறாள் என்பது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையது. மீன்வளத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றும் ஒதுக்கீடு இருக்கிறது. மீனவர் நலவாரியப் பதிவு சரியாக இருக்கிறதா என்று மார்ச் மாதமே பார்த்து வைக்க வேண்டும், மே மாதம் ஓடினால் நடக்காது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நீண்ட காலமாக இருக்கிறது, அங்கே கடல்விரால் குஞ்சு பொரிக்கிறார்கள். வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். படித்து முடித்தவளுக்கு வேலை கரையிலேயே வரக்கூடிய ஒரே படிப்பு இது. அம்மா பாசி எடுத்த கடலில் மகள் பாசி வளர்ப்புக்கு ஆலோசனை சொல்லலாம். உயிரியல் படித்த பிள்ளைக்கு என் முதல் சிபாரிசு இதுதான், ராங்க் என்னவாக இருந்தாலும்.

பொறியியலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஊரே சொல்கிறது. விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 250. 2025இல் பதிவு 3 லட்சத்தைத் தாண்டியது, அதற்கு முந்தைய ஆண்டு இரண்டரை லட்சம் அளவில்தான் இருந்தது. கூட்டம் ஏறியும் மொத்தத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கிண்டிப் பொறியியல் கல்லூரியில், கம்ப்யூட்டர் சயின்ஸில். இங்கே கவனிக்க வேண்டியது போன வருஷக் கட்-ஆஃபை இந்த வருஷத்துக்கு அப்படியே பொருத்துகிற பழக்கத்தை. 2024இல் வேதியியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் 471 பேர், 2025இல் 3,181 பேர். கேள்வித்தாள் இளகினால் எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறும், ராங்க் பழைய இடத்திலேயே நிற்கும். ஆகவே மதிப்பெண்ணைப் போன வருஷ மதிப்பெண்ணோடு ஒப்பிடாமல், ராங்கைப் போன வருஷம் அந்தப் பாடத்தில் கடைசியாகச் சேர்ந்தவரின் ராங்கோடு ஒப்பிட வேண்டும், அதுவும் தன் பிரிவுக்குள். புல்லங்குடியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியை இந்தக் கணக்கில் பாருங்கள். சென்னைப் பிள்ளைகள் ராமநாதபுரத்தைத் தேடி வருவதில்லை. கட்டணம் குறைவு, வீடு பக்கம். கணக்கில் கை தேர்ந்த பிள்ளைக்கு, பேனர் கட்டி விளம்பரம் செய்யும் எத்தனையோ தனியார் கல்லூரிகளைவிட இது மேல். கணக்கு வராத பிள்ளையை மட்டும் இதற்குள் தள்ளாதீர்கள்.

இன்னொரு வாசல், க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக மத்தியப் பல்கலைக்கழகம், குறிப்பாகத் திருவாரூர். 2022இல் இளநிலைக்குப் பொதுத் தேர்வு வந்ததிலிருந்து நாடு முழுக்க ஆண்டுக்குப் பதின்மூன்று, பதினைந்து லட்சம் பேர் பதிகிறார்கள். ஒரு தேர்வை எழுதிவிட்டு எத்தனை பல்கலைக்கழகத்துக்கும் முயலலாம் என்பதால், எங்கே பார்த்தாலும் விண்ணப்பம் மலை. இதில் எனக்குத் தயக்கம் கூட்டத்தால் இல்லை, நாட்காட்டியால். 2025இல் விண்ணப்பம் ப்ளஸ் டூ தேர்வு நடக்கிற மார்ச் மாதத்தில் இருந்தது. அப்போது கட்டணம் மூன்று பாடம் வரை பொதுப் பிரிவுக்கு 1,000, ஓ.பி.சி.க்கு 900, எஸ்.சி., எஸ்.டி.க்கு 800. முடிவு 2022இல் செப்டம்பரில் வந்தது, 2023இல் ஜூலை 15இல், 2024இல் ஜூலை 28இல், 2025இல் ஜூலை 4இல். அதற்குள் உள்ளூர்க் கல்லூரிச் சேர்க்கை பெரும்பாலும் முடிந்திருக்கும். வீட்டை விட்டுப் போகப் பெற்றோர் சம்மதித்திருந்தால், பள்ளியில் யாராவது தேர்வுக்குத் தயார் செய்தால், தாராளமாகப் போடலாம். படிக்கும் சூழலில் திருவாரூர் இந்த ஒப்பீட்டிலேயே உயரமானது. 2025 ஏப்ரல் முதல் ராமேஸ்வரம் – தாம்பரம் ரயில் திருவாரூர் வழியாகவே போகிறது; முன்புபோல மூன்று பஸ் மாற வேண்டியதில்லை. ஒப்புக்குப் போட்டு வைப்பதற்கு மட்டும் இது விலை அதிகம். அந்தக் காசில் பொறியியல் விண்ணப்பமும் கலைக் கல்லூரி விண்ணப்பமும் போட்டு மிச்சமும் இருக்கும்.

அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகம் கடலியலுக்கு நல்ல இடம், ஆனால் அது முதுகலைக்கு; மூன்று வருஷம் கழித்து நினைத்துக்கொள்ளலாம். தொலைநிலைக் கல்வி, ஏற்கெனவே கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும் பையனுக்குச் சரி, பதினேழு வயதுப் பெண்ணுக்கு வேண்டாம். "வீட்ல இருந்தே படிக்கட்டும்" என்பது பல வீடுகளில் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதன் இன்னொரு பேர். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயோ, பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் தொகையோ, மேலே சொன்ன கல்லூரிகள் எதில் சேர்ந்தாலும் வரும். ஒப்பீட்டில் அதைக் கழித்துவிடலாம்.

ஆக, நம் பெண்ணுக்கு: கலைக் கல்லூரி விண்ணப்பம் கட்டாயம், மீன்வளம் கட்டாயம், கணக்கு நன்றாக வந்தால் பொறியியல், முன்கூட்டியே துணிந்திருந்தால் மட்டும் க்யூட். கலைக் கல்லூரியில் முதலில் இடம் வந்துவிடும், மீன்வளக் கலந்தாய்வு பின்னால் வரும். வந்த இடத்தில் சேர்ந்துவிடட்டும், காத்திருந்து இரண்டையும் விட வேண்டாம். சேரும்போது மாற்றுச் சான்றிதழ் உள்பட அசல் எல்லாவற்றையும் பல கல்லூரிகள் வாங்கி வைத்துக்கொள்கின்றன. கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றிலும் ஐந்து ஜெராக்ஸ் எடுத்து, செல்போனிலும் ஸ்கேன் செய்து, அசல் இன்ன கல்லூரியில் இருக்கிறது என்று அலுவலகத்தில் ஒரு சான்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டால் எழுதித் தருவார்கள். சேர்க்கை அன்றே கேளுங்கள்.